எஃப்.ஓ.பி.: பெயர் அப்படியே, கோடு மட்டும் நகர்ந்தது

எஃப்.ஓ.பி.ன்னா என்னன்னு ஏற்றுமதித் தொழிலில் இருப்பவரைக் கேட்டால் சட்டுன்னு பதில் வரும்: சரக்கு கப்பலில் ஏறும் வரை விற்பவர் பொறுப்பு, ஏறிய பிறகு வாங்குபவர் பொறுப்பு. சரி, 'ஏறும் வரை' என்றால் எது வரை? கிரேனில் அந்தரத்தில் தொங்கும்போது அது யார் பொறுப்பு?

வேடிக்கைக் கேள்வி இல்லை. 1954-ல் இங்கிலாந்தில் தீர்ப்பான பைரீன் - சிந்தியா வழக்கே இதிலிருந்து வந்ததுதான். இந்திய அரசு எஃப்.ஓ.பி. லண்டன் என்று வாங்கிய தீயணைப்பு வண்டி ஒன்று, கப்பலில் ஏற்றத் தூக்கும்போது கீழே விழுந்தது. அது கப்பலின் விளிம்பைத் தாண்டியிருக்கவில்லை. ஆக, நஷ்டம் விற்ற கம்பெனியின் தலையில். பழுதுபார்க்க 966 பவுன் ஆனது. கப்பல் கம்பெனியிடமிருந்து அவர்களுக்குக் கிடைத்ததோ 200 பவுன். விளிம்புக்கு மேலே செங்குத்தாக ஒரு கற்பனைக் கோடு, அதைத் தாண்டினால் பொறுப்பு கைமாறும் என்ற இந்தக் கணக்கை நீதிபதி டெவ்லினே தீர்ப்பில் கிண்டல் செய்திருக்கிறார்.

பாரிஸில் இருக்கும் சர்வதேச வர்த்தக சபை 1936-லிருந்து இன்கோடெர்ம்ஸ் என்ற பெயரில் இந்தச் சொற்களுக்கு விளக்கம் வெளியிட்டு வருகிறது. கிண்டலுக்குள்ளான அந்த விளிம்பு அதில் 2000-ம் ஆண்டுப் பதிப்பு வரை இருந்தது! 2010-ல்தான் எடுத்தார்கள். இப்போது சரக்கைக் கப்பலின் மேல் வைத்தால்தான் பொறுப்பு மாறும்.

ஆனால் அதற்குள் உலகம் கன்டெய்னருக்கு மாறிவிட்டது. திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கன்டெய்னரைத் தூத்துக்குடி யார்டில் ஒப்படைத்ததோடு அவர் வேலை முடிந்தது. கப்பல் வர நாலு நாள் ஆகலாம். அந்த நாலு நாளும் யார்டில் தண்ணீர் புகுந்தாலோ தீப்பிடித்தாலோ, எஃப்.ஓ.பி. ஒப்பந்தத்தில் நஷ்டம் அவருடையது. சரக்கு கையில் இல்லை, பொறுப்பு மட்டும் இருக்கிறது. வாங்குபவர் எடுத்த இன்சூரன்ஸும் பொதுவாகக் கப்பலில் ஏறிய பிறகுதான் அவருக்குக் கைகொடுக்கும்.

இதற்கென்றே எஃப்.சி.ஏ. இருக்கிறது: கேரியரிடம் ஒப்படைத்த இடத்திலேயே பொறுப்பு மாறிவிடும். கன்டெய்னருக்கு இதுதான் பொருத்தம் என்று சபையே சொல்கிறது. பிறகு ஏன் எல்லாரும் எஃப்.ஓ.பி.யையே பிடித்துத் தொங்குகிறார்கள்? பழக்கம் ஒரு காரணம். பெரிய காரணம் பேங்க். லெட்டர் ஆஃப் கிரெடிட்டில் பணம் வாங்க, 'சரக்கு கப்பலில் ஏறிவிட்டது' என்று எழுதிய பில் ஆஃப் லேடிங் கேட்பார்கள். யார்டில் ஒப்படைத்தவருக்கு, 'சரக்கு பெறப்பட்டது' என்பதுதான் கிடைக்கும்.

2020 பதிப்பு இதற்கு ஒரு வழி செய்தது. இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால், ஏற்றியபின் அந்த பில்லை விற்பவருக்குக் கொடுக்கும்படி வாங்குபவர் கேரியருக்குச் சொல்லவேண்டும். என்னைக் கேட்டால் இது ஒட்டுப்போட்ட வேலைதான். விற்பனை ஒப்பந்தத்தில் கேரியர் ஒரு தரப்பே இல்லையே, அவர் கொடுத்தாகணும்னு எப்படிக் கட்டாயப்படுத்துவது? இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு இது மேல்.

இன்னொன்று. இன்கோடெர்ம்ஸ் தானாகப் பொருந்தும் சட்டம் இல்லை. புதுப் பதிப்பு வந்ததால் பழையது செத்துப்போகாது. ஒப்பந்தத்தில் எந்த வருஷத்தை எழுதுகிறோமோ அதுதான் பேசும். அமெரிக்க வாங்குபவர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே உள்நாட்டு லாரி வியாபாரத்திலும் எஃப்.ஓ.பி. என்ற சொல் உண்டு, கப்பலே இல்லாமல். அதனால் வெறுமனே 'எஃப்.ஓ.பி.' என்று எழுதாமல், 'எஃப்.சி.ஏ., இன்ன யார்டு, தூத்துக்குடி, இன்கோடெர்ம்ஸ் 2020' என்று முழுசாக எழுதுங்கள். கப்பலேறிய பில் பற்றிய வரியையும் மறக்காமல் சேருங்கள்.