கிளம்பும் முன் கன அடியைப் பாருங்கள்

தர்மபுரியில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். வானத்தில் பேருக்குக்கூட மேகம் இருக்காது. அங்கிருந்து 46 கி.மீ. பயணம் செய்து, பென்னாகரம் தாண்டி, மலைப்பாதையில் வளைந்து இறங்கி ஒகேனக்கல் வந்து சேர்ந்தால் பரிசல் துறையை அடைத்துக்கொண்டு போலீஸ் நிற்கும். அருவியில் குளிக்கத் தடை, பரிசல் இயக்கத் தடை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் குடும்பம் குடும்பமாக வந்து இப்படி ஏமாந்து திரும்புகிறவர்கள் நிறைய. இங்கே ஒரு சொட்டு மழை இல்லையே, எதற்குத் தடை என்று கோபப்படுகிறவர்களும் உண்டு.

மழை பெய்வது வேறு ஊரில். தென்மேற்குப் பருவமழை குடகிலும் வயநாட்டிலும் கொட்டுகிறது. வயநாட்டுத் தண்ணீர் கபினி அணைக்கும், குடகுத் தண்ணீர் கிருஷ்ணராஜசாகருக்கும் வருகிறது. கபினியின் கொள்ளளவு 19.52 டி.எம்.சி. மட்டுமே, மழை வலுத்தால் முதலில் நிரம்பி வழிவது அதுதான். கிருஷ்ணராஜசாகரின் கொள்ளளவு 49.45 டி.எம்.சி. இரண்டும் ஒரே சமயத்தில் உபரியைத் திறந்துவிட்டால் அந்தத் தண்ணீர் காட்டுக்குள் இறங்கி, மேகதாட்டுவின் குறுகிய பாறை இடுக்கில் புகுந்து, ஓரிரு நாளில் தமிழக எல்லையைத் தொட்டுவிடும். தொடுகிற இடம் பிலிகுண்டுலு.

செய்தித்தாளில் தினமும் வரும் பெயர்தான். அங்கே மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காவிரி வழக்கில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்ததே, அந்தக் கணக்கு எழுதப்படுவதும் இங்கேதான். தஞ்சாவூர் விவசாயி குறுவைக்காகப் பார்க்கிற அதே எண்ணைத்தான் ஒகேனக்கல்லுக்குக் கிளம்புகிறவரும் பார்க்க வேண்டும். எந்த மாதம் போகலாம் என்று விசாரிக்கிற அளவுக்கு, இன்று எத்தனை கன அடி என்று யாரும் விசாரிப்பதில்லை.

கன அடி என்று செய்தியில் சொல்வது வினாடிக்கு இத்தனை கன அடி என்பதன் சுருக்கம். ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர். நீர்வரத்து 10,000 கன அடி என்றால் 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் இருபத்து மூன்றை ஒவ்வொரு வினாடியும் ஒரே இடத்தில் கவிழ்ப்பதற்குச் சமம். 2024 கோடையில் இந்த நீர்வரத்து சில நூறு கன அடிக்கு இறங்கிக் கிடந்தது. அதே ஆண்டு ஜூலை முடிவதற்குள் ஒரு லட்சத்தைத் தாண்டியது. இதற்கு மேல் போனால் தடை என்று எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் ஒரு வரம்பு கிடையாது. தண்ணீர் ஏறுகிற வேகம், மேலே அணைகளில் திறந்திருக்கும் அளவு ஆகியவற்றைப் பார்த்து மாவட்ட நிர்வாகம் முடிவெடுக்கிறது. ஆனாலும் பத்தாயிரத்தை நெருங்கி, மேலும் ஏறுமுகமாக இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனம்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்பதற்கு விடை ஆற்றின் அமைப்பில் இருக்கிறது. மேலே அகன்று, தீவுகளும் திட்டுகளுமாகப் பல கிளைகளாகப் பிரிந்து வரும் காவிரி, ஒகேனக்கல்லில் சட்டென்று சுமார் 20 மீட்டர் ஆழத்துக்கு ஒடுங்கிய பள்ளத்தாக்குக்குள் விழுகிறது. ஒரே அருவியாக விழுவதில்லை. பிரதான அருவி, சினி அருவி, ஐந்தருவி என்று கிளைக்கு ஒன்றாகக் கொட்டுகிறது. விழுந்த பிறகு இருபுறமும் செங்குத்துப் பாறைச் சுவர். பரந்து போக வழியில்லை. அகலமான ஆற்றில் பத்தாயிரம் கன அடி கூடினால் கரையோரம் கொஞ்சம் நனையும். இந்த இடுக்கில் அதே தண்ணீர் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். ஏறுகிறபோது, சற்று முன் ஆட்கள் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த பாறை காணாமல் போகும். பாறைப் படுகையில் வெள்ளத்தோடு சுழன்ற கற்கள் குடைந்த குழிகளும் இருக்கின்றன. மேலே முழங்கால் ஆழம் போலத் தெரியும். அடுத்த அடி வைத்தால் ஆள் மூழ்கும்.

பாறையைப் பற்றிப் பேசும்போது கார்பனடைட்டை விட முடியாது. பூமிக்கு அடியிலிருந்து வரும் குழம்பு பொதுவாகச் சிலிக்கா மிகுந்தது. அபூர்வமாகச் சில இடங்களில் சுண்ணாம்புக்கல்லில் இருப்பது போன்ற கார்பனேட் கனிமங்கள் மிகுந்த குழம்பு மேலே வந்து உறைந்திருக்கிறது. அப்படி உறைந்த பாறைக்குக் கார்பனடைட் என்று பெயர். ஒகேனக்கல் வட்டாரத்தில் கிடைக்கும் கார்பனடைட்டின் வயதை ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள் என்று கணித்திருக்கிறார்கள். இவ்வகைப் பாறைகளில் உலகின் மிகப் பழையவற்றுள் இது ஒன்று. ஆனால், நீங்கள் செல்ஃபி எடுக்கும் அருவிப் பாறை மொத்தமும் அதுதான் என்று சுற்றுலாத் துண்டறிக்கைகள் எழுதுவதை நம்ப வேண்டாம். பள்ளத்தாக்கின் பெரும்பகுதி நைஸ், சார்னோக்கைட் போன்ற கடினப் பாறை. கார்பனடைட் அதன் ஊடே நரம்பு நரம்பாக ஓடுகிறது.

இந்தத் தண்ணீருக்கும் பாறைக்கும் ஏற்ற வாகனம் பரிசல்தான். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி வட்டக் கூடையாக்குவார்கள். அந்தக் காலத்தில் அதன் மேல் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். ஃபைபர் பரிசல்களும் வந்துவிட்டன. முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் கிடையாது. அடிப்பகுதி தட்டையாக இருப்பதால் கணுக்கால் ஆழத் தண்ணீரிலும் மிதக்கும், பாறையில் உரசினாலும் நழுவிப் போகும். நேராகப் போக வைப்பதுதான் பாடு. பரிசலோட்டி முன்னால் அமர்ந்து ஒற்றைத் துடுப்பால் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து இழுத்துச் செலுத்துவார். கை நின்றால் பரிசல் சுற்ற ஆரம்பித்துவிடும். பயணிகள் கேட்டுக்கொள்ளும் அந்தச் சுற்று வேடிக்கைக்கானது. சுழலில் மாட்டிச் சுற்றுவது வேறு. ஒரு பரிசலுக்குப் பொதுவாக நான்கு பேர்தான். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். புகைப்படத்துக்காக அதைக் கழற்றச் சொல்லி ஓட்டுநரை வற்புறுத்துகிறவர்களை என்ன சொல்வது! கவிழ்ந்து உயிர்கள் போன சம்பவங்கள் இந்த ஆற்றில் நடந்திருக்கின்றன.

தடை நாளில் சுற்றுலாப் பயணி அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பரிசலோட்டிகளுக்கும் எண்ணெய் தேய்க்கும் தொழிலாளர்களுக்கும் மீன் சமைத்துத் தரும் பெண்களுக்கும் அன்று வருமானம் இல்லை. வெள்ளம் வாரக்கணக்கில் நீடித்தால் நிவாரணம் கேட்டு மனு கொடுக்கிறார்கள்.

மீனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கடையில் வாங்கிச் சமைப்பவரிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனால், திரும்பி வரும்போது குழம்பும் வறுவலும் தயாராக இருக்கும். வறுத்து அடுக்கி வைத்திருப்பதை வாங்குவதைவிட இது நல்லது.

அருவியைத் தாண்டி மேலே நீள்கிற காட்டை ஒகேனக்கல் வருகிறவர்களில் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. தமிழகப் பக்கம் 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என்று இரண்டு வன உயிரினச் சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 1,190 சதுர கி.மீ. எதிர்க்கரையில் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம். கரையோர மருத மரங்களில் நரை அணில், தண்ணீரில் நீர்நாய், மணல் திட்டில் முதலை, கோடையில் தண்ணீருக்கு இறங்கும் யானைக் கூட்டம். காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத திமில் மஹ்சீர் மீனும் இங்கே உண்டு. ஐம்பது கிலோவுக்கு மேல் வளரக்கூடிய அந்த மீன் இப்போது அழிவின் விளிம்பில் இருக்கிறது.

இந்தக் காட்டில் நினைத்த இடத்தில் இறங்கி நடக்க முடியாது, கூடாது. அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் வரும் சாலையில் அந்தி சாய்ந்தபின் வண்டி ஓட்டாமல் இருப்பதே உத்தமம். நடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு வனத்துறை 2024 அக்டோபரில் மாநிலம் முழுக்க 40 பாதைகளுடன் தொடங்கிய மலையேற்றத் திட்டம் இருக்கிறது. முன்பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். முதலையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று குழந்தைகள் அடம்பிடித்தால் ஒகேனக்கல்லிலேயே வனத்துறையின் முதலைகள் மறுவாழ்வு மையம் இருக்கிறது. தடை நாளிலும் பார்க்கக்கூடியது.

நீர்வரத்து வெகுவாகக் குறைந்த கோடையில் போக நேர்ந்தால் கீழ்முகமாகப் போகலாம். ஒகேனக்கல்லில் விழுந்த ஆறு அப்படியே மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் போய்ச் சேருகிறது. 1934இல் கட்டி முடித்த அந்த அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அணைக்காகக் காலி செய்யப்பட்ட ஊர்கள் அதன் அடியில் கிடக்கின்றன. மட்டம் நன்றாகக் கீழே இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடி அருகே பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரம் முதலில் வெளியே வரும். இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் தெரியும். வெளிப்பட்ட வண்டலில் உழுது பயிர் வைக்கிறவர்களையும் அங்கே பார்க்கலாம். மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாகப் பண்ணவாடிக்குப் போக வேண்டும். துறையிலிருந்து எதிர்க்கரை நாகமரைக்குப் படகு போகிறது. சேலம் மாவட்டத்துக்காரர்களும் தர்மபுரி மாவட்டத்துக்காரர்களும் சந்தைக்கும் விசேஷங்களுக்கும் போய்வர அன்றாடம் ஏறுவது அதில்தான். மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள்.