சக்கரவர்த்தியைப் பெற்றவர்

நெப்போலியனுடைய யுத்தங்களைப் பற்றி ஏடு ஏடாக எழுதிக் குவித்த சரித்திரக்காரர்களிற் பலர், அவனைப் பெற்று வளர்த்த லெத்திசியா அம்மையாரைப் பற்றிப் பேச நேரும்போது, பெரிய கருமி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அப்பால் நகர்ந்துவிடுகிறார்கள். அந்தக் கருமித்தனம் எப்படிப்பட்ட அனுபவத்தில் விளைந்தது என்பதை அறிய, அவர் வாழ்ந்த எண்பத்தைந்து ஆண்டுகளையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இத்தாலிக்கு மேற்கே மத்தியதரைக் கடலில் உள்ள கார்சிகாத் தீவில், அஜாக்சியோ என்னும் பட்டணத்தில், 1750-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர் அவர். பதினான்கு வயதளவில் கார்லோ போனபார்ட்டுக்கு வாழ்க்கைப்பட்டார். ஜெனோவாக் குடியரசு 1768-இல் அந்தத் தீவைப் பிரான்சுக்குக் கொடுத்துவிடவே, அதை ஏற்காத தீவினர் பாவோலி என்ற தலைவரின் கீழ் ஆயுதம் ஏந்தினார்கள். மறுவருஷம் மே மாதம் போன்டே நோவோ போரில் அவர்கள் தோற்றுச் சிதறியபோது, பாவோலியின் பக்கம் நின்ற கணவருடன் மலைக்காடுகளில் ஒளிந்து திரிந்தவர்களில் ஐந்தாறு மாதக் கர்ப்பிணியான லெத்திசியாவும் ஒருவர். அந்தச் சிசு ஆகஸ்ட் 15-ஆம் தேதி பிறந்தது. மாதா திருநாள் பூசைக்குப் போன இடத்தில் வலி கண்டு, வீடு வந்து சேர்ந்ததும் நெப்போலியனைப் பெற்றதாகச் சொல்வார்கள்.

பெற்ற பதின்மூன்றில் தங்கியவை எட்டு. 1785-இல் கணவர் வயிற்று நோயால் இறந்தபோது கடைக்குட்டி ஜெரோமுக்குச் சில மாதங்களே ஆகியிருந்தன. பிறகு, பிரெஞ்சுப் புரட்சியின் விளைவாகப் போனபார்ட் குடும்பம் பாவோலிக்கு விரோதியாகிவிட, 1793-இல் வீடு சூறையாடப்பட்டு, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடல் கடந்து தென்பிரான்சில் வறுமையோடு வாழ நேர்ந்தது. இவ்வளவும் கண்ட ஒருத்தியின் கையில், பின்னால் மகன் கொட்டிய ஐசுவரியம் எப்படித் தாராளமாகச் செலவாகும்?

சக்கரவர்த்தியின் தாய் என்ற பட்டமும், மாளிகையும், மானியமும் வந்தன. ஒரு மகன் ஸ்பெயினுக்கும், ஒருவன் ஹாலந்துக்கும், ஒருவன் ஜெர்மனியில் ஒரு நாட்டுக்கும் அரசரானார்கள், ஒரு மகள் நேப்பிள்ஸின் ராணியானாள். அம்மையாரோ முந்தானையில் காசு முடியும் நம் பாட்டிமாரைப் போல வந்ததைச் சேர்த்து வைத்தார். இதெல்லாம் நிலைத்தால் சரிதான் என்ற பொருள்பட அடிக்கடி சொல்வாராம். அரண்மனையார் சிரித்தார்கள். சாம்ராஜ்யம் கவிழ்ந்தபின் ஊரூராக அலைந்த பிள்ளைகளுக்குக் கைகொடுத்தது அந்தச் சேமிப்புதான். தீர்க்கதரிசனம் என்பதை விட்டு அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

பிள்ளைகளில் யார் கஷ்டத்தில் இருக்கிறாரோ அவர் பக்கமே சாய்வது அவர் சுபாவம். தமையன் விரும்பாத விவாகத்தைச் செய்துகொண்டு ஒதுக்கப்பட்ட லூசியனுக்காக ரோமாபுரியில் தங்கிவிட்டவர், 1804 டிசம்பரில் பாரிஸில் நடந்த முடிசூட்டு விழாவுக்கு வரவே இல்லை. ஓவியர் டேவிட் தீட்டிய புகழ்பெற்ற படத்திலே மட்டும், மகனின் உத்தரவுப்படி, மத்தியில் சிம்மாசனம் போன்ற இடத்தில் கம்பீரமாக வீற்றிருக்கிறார்! அந்த மகனே 1814-இல் முடியிழந்து எல்பாத் தீவுக்குத் துரத்தப்பட்டபோது, அறுபத்து மூன்று அறுபத்து நான்கு வயதில் கடல் கடந்து அவனோடு இருக்கப் போனார். சென்ட் ஹெலினாவுக்கு அனுப்பியபின், அவனை விடுவிக்கும்படி ஐரோப்பிய அரசர்களுக்கு 1818-இல் முறையீடு எழுதினார். 1821-இல் அவன் மாண்டபின் உடலையாவது தரும்படி இங்கிலாந்திடம் வேண்டினார். இரண்டுக்கும் பலன் இல்லை.

ரோமாபுரியில் அவர் கழித்த கடைசி இருபது ஆண்டுகள் துக்கச் செய்திகளின் வரிசை: மகள் எலிசா, நெப்போலியன், மகள் பாலீன், 1832-இல் நெப்போலியனின் ஒரே வாரிசான பேரன். இடுப்பு முறிந்து, பார்வையும் போய், 1836 பிப்ரவரி 2-ஆம் தேதி காலமானார். வேண்டிக் கேட்ட மகனுடைய உடல் நான்கு ஆண்டுகள் கழித்து, 1840-இல்தான் பாரிஸுக்கு வந்தது. அவருடைய உடலோ 1851-இல் அஜாக்சியோவுக்குக் கொண்டுவரப்பட்டு, பேரன் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்த சிற்றாலயத்தில் இன்றும் இருக்கிறது.