பெயர் சொல்லாமலே உங்களைக் கண்டுபிடித்துவிடலாம், தெரியுமா?

"என் பெயரையோ முகவரியையோ நான் யாரிடமும் கொடுக்கவில்லையே! என்னை யார் என்ன செய்துவிட முடியும்?" என்று நிம்மதியாக இருப்பவரா நீங்கள்? அப்படியானால் இதைப் படித்தே ஆக வேண்டும். கீழே இருப்பவை அத்தனையும் நடந்தவை. ஒவ்வொன்றும் தூக்கிவாரிப் போடும்!

நான்கே இடங்கள் போதும்!

15 லட்சம் பேர். 15 மாதங்கள். ஒரு ஐரோப்பிய நாட்டின் செல்போன் பதிவுகள். அதில் பெயர் கிடையாது, போன் நம்பர் கிடையாது. எந்த மணி நேரத்தில் எந்த டவரின் கீழ் இருந்தார் என்பது மட்டும்தான். இதை அலசிய ஆய்வாளர்கள் 2013-ல் சொன்னது என்ன தெரியுமா? ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று நான்கே நான்கு விவரம் கிடைத்தால் போதும், 95 சதவீதம் பேரை அந்தக் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்து எடுத்துவிடலாம்! நீங்களே எண்ணிப் பாருங்கள். இரவு நீங்கள் தூங்கும் தெரு, காலையில் பிள்ளையை விடும் பள்ளி, பகலில் வேலை பார்க்கும் இடம், வெள்ளிக்கிழமை போகும் கோயில். இந்த நான்கும் ஒன்றாகப் பொருந்தும் ஆள் ஊரில் வேறு யார் இருக்கிறார்?

கவர்னரின் மருத்துவப் பதிவு, 20 டாலர் செலவில்!

1990-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், அரசு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ச்சிக்காகக் கொடுத்தது. பெயர், முகவரி எல்லாம் நீக்கிவிட்டோம், பயப்படாதீர்கள் என்றார் கவர்னர் வில்லியம் வெல்ட். ஆனால் பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் எண் மூன்றும் அப்படியே இருந்தன. எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவி லட்டான்யா ஸ்வீனி 20 டாலர் கொடுத்து, கவர்னர் குடியிருந்த கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை வாங்கினார். கவர்னர் பிறந்த அதே தேதியில் பிறந்தவர்கள் அந்தப் பட்டியலில் ஆறே பேர். அவர்களில் ஆண்கள் மூவர். அவருடைய அஞ்சல் எண்ணில் குடியிருந்தவர் ஒருவர்தான்! கவர்னரின் மருத்துவப் பதிவு கவர்னர் அலுவலகத்துக்கே தபாலில் போய்ச் சேர்ந்தது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் எண் மூன்றும் இருந்தால் அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று ஸ்வீனி பின்னர் கணக்கிட்டார். இந்த மூன்றையும் எத்தனை படிவங்களில் யோசிக்காமல் நிரப்பியிருக்கிறோம்!

ஓடியவர்கள் காட்டிக்கொடுத்த ராணுவ முகாம்!

ஸ்ட்ராவா என்பது ஓடுபவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் தங்கள் தூரத்தைப் பதிவு செய்யும் ஆப். 2017 நவம்பரில் அந்த நிறுவனம் எல்லோருடைய தடங்களையும் ஒன்றாகச் சேர்த்து, பெயர் இல்லாமல், ஒளிரும் உலக வரைபடமாக வெளியிட்டது. பார்க்க அத்தனை அழகு! 2018 ஜனவரியில் நேதன் ரூசர் என்ற ஆஸ்திரேலிய மாணவர் அதில் சிரியா, ஆப்கானிஸ்தான் பக்கம் பார்த்தார். இருண்டு கிடந்த நிலத்தின் நடுவே சின்னச் சின்ன வெளிச்ச வட்டங்கள். அவை முகாமைச் சுற்றி ராணுவ வீரர்கள் தினமும் ஓடிய பாதைகள்! ராணுவத்தின் ரகசியத்தையே உடற்பயிற்சி ஆப் வெளியே போட்டுவிட்டது என்றால், நம் காலை நடைப்பயிற்சி எம்மாத்திரம்!

நீங்கள் எடுத்த பிரிண்ட்டில் ரகசியக் கையெழுத்து!

கலர் லேசர் பிரிண்டர்கள் பலவற்றில், நீங்கள் கேட்காமலேயே காகிதம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகள் அச்சாகின்றன. வெள்ளைத் தாளில் மஞ்சள் எடுபடாது. நீல நிற எல்.இ.டி. விளக்கை அடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அதே புள்ளிகள் கறுத்துத் தெரியும். குறுக்கே 15, நெடுக்கே 8 என்று ஒரு சிறு கட்டம். அதே கட்டம் பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்ப. 2005-ல் எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் அமைப்பினர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் டாக்குகலர் மெஷினில் இந்தப் புதிரை உடைத்தார்கள். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? அச்சிட்ட தேதி, மணி, நிமிடம், அந்த மெஷினின் வரிசை எண்!

சிப்ஸ் பாக்கெட்டும் ஒட்டுக்கேட்கும்!

2014-ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், சத்தம் புகாத கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடந்த ஒரு உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டை 15 அடி தூரத்திலிருந்து அதிவேகக் கேமராவில் படம் பிடித்தார்கள். பேச்சொலி பட்டு பாக்கெட் அதிர்கிறது, கண்ணுக்கே தெரியாத அளவில். அந்த அதிர்விலிருந்தே பேசிய பேச்சைத் திரும்பக் கேட்க வைத்தார்கள்! படத்தில் ஒலிப்பதிவே கிடையாது.

வியர்வை வாசனைக்கும் ஒரு பாட்டில்!

கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸ் ஸ்டாசி. சந்தேகத்துக்கு ஆளானவர்களை உட்காரவைத்த நாற்காலியின் துணியில் படிந்த வாசனையைக்கூட, மோப்ப நாய்களுக்காக மூடி போட்ட கண்ணாடி ஜாடிகளில் சேமித்தார்கள்! 1.6 கோடி மக்கள் வாழ்ந்த அந்த நாட்டை வேவு பார்க்க 90,000-க்கும் மேற்பட்ட முழுநேர ஊழியர்கள் இருந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற கோப்புகளை வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர். 1992 முதல் மக்கள் தங்கள் கோப்பைத் தாங்களே கேட்டுப் பார்க்கலாம். தன்னைப் பற்றித் தகவல் கொடுத்தது நெருங்கிய நண்பர் என்று அதில் படித்து உடைந்துபோனவர்கள் உண்டு.

சந்தேகமே வேண்டாம், எல்லோரும் வரலாம்!

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். ஸ்டாசிக்கு ஒருவரைக் கண்காணிக்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும், ஜாடி வேண்டும். ஆகவே முதலில் சந்தேகம், அப்புறம்தான் கண்காணிப்பு. இன்றைக்கு அது தலைகீழ்! 2013 ஜூனில், அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வின் ஒப்பந்த ஊழியர் எட்வர்ட் ஸ்னோடன் வெளியே கொண்டுவந்த ஆவணங்களில் முதலாவது, வெரைசன் தொலைபேசி நிறுவனம் கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் அழைப்புப் பதிவுகளைத் தினந்தோறும் என்.எஸ்.ஏ.வுக்குக் கொடுக்க வேண்டும் என்ற நீதிமன்ற உத்தரவு. யார் யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம் பேசினார் என்று எல்லாமே! குற்றவாளி, நிரபராதி என்ற பேதமே இல்லை. முதலில் சேமிப்பு, சந்தேகம் என்றைக்கு வேண்டுமானாலும் வந்துகொள்ளலாம். அந்தத் திட்டம் சட்டவிரோதம் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2020-ல் தீர்ப்பளித்தது. ஏழு ஆண்டுகள் கழித்து!

நக்கீரன் வழக்கு நமக்குக் கொடுத்தது!

இதோ நெஞ்சு நிமிர ஒரு செய்தி. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிடுவதைத் தடுக்கச் சிறைத்துறை அதிகாரிகள் முயன்றார்கள். 1994-ல் உச்ச நீதிமன்றம், வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்றது. அதே தீர்ப்பில், தன்னைத் தொந்தரவு செய்யாமல் விடும்படி கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்றும் சொன்னது! இதே உரிமைக்காக 2012-ல் ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமிக்கு அப்போது வயது 86. அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் நம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

"நான் எந்தத் தப்பும் செய்யவில்லையே, எனக்கென்ன பயம்?" என்று கேட்காதீர்கள். மாசசூசெட்ஸ் கவர்னர் என்ன தப்பு செய்தார்? ஆஸ்பத்திரிக்குப் போனார், அவ்வளவுதான். இன்றே போனின் செட்டிங்ஸுக்குள் போய், எந்தெந்த ஆப்புக்கு லொக்கேஷன் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். டார்ச் லைட் ஆப்புக்கு நீங்கள் இருக்கும் இடம் எதற்கு? எடுத்துவிடுங்கள். கடையில் பில் போடும்போது "போன் நம்பர் சொல்லுங்க" என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நம்பர் கேட்டு வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-லேயே சொல்லிவிட்டது. "நம்பர் இல்லாமலே பில் போடுங்க" என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். பின்னால் வரிசையில் நிற்பவருக்கும் அது கேட்கட்டும்!