மீஞ்சூருக்கு அடியில் கடல்

கிணற்றில் உப்பு ஏறிவிட்டதா என்று, சென்னைக்கு வடக்கே மீஞ்சூர், பொன்னேரி பக்கத்தில் யாரும் ஆய்வகத்துக்குப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. பம்புசெட் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். பிறகு நெற்பயிரின் இலை நுனி கருகும்.

1960களின் இறுதியிலிருந்து இங்குள்ள ஆரணி, கொசஸ்தலை ஆற்றுப் படுகையின் ஆழ்குழாய்க் கிணறுகளை நம்பித்தான் சென்னையின் வடபுறமும் அங்குள்ள ஆலைகளும் இருந்தன. விவசாய மோட்டார்களும் சும்மா இருக்கவில்லை. 1969-ல் கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. வரைதான் கடல்நீர் நிலத்தடியில் புகுந்திருந்தது. 1983-ல் அது சுமார் 9 கி.மீ.

உப்புத் தண்ணீர் கனம், நல்ல தண்ணீர் லேசு. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரம் நல்ல தண்ணீர் நின்றால், அந்தப் பாரம் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்பை அண்டவிடாது. மேலே 1 மீட்டரை உறிஞ்சினால் கீழே என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இது தெரியாமல், “இன்னும் 2 பைப் இறக்கிடலாம் சார்” என்கிறார் போர் போடுபவர். பாறை நிலத்தில் சரி. கடலோர மணலில் அது உப்பைத் தேடிப் போவது.

எண்ணூர் முகத்துவாரமும் பக்கிங்ஹாம் கால்வாயும் இறால் பண்ணைகளும் உப்பைக் கொண்டுவரவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. கொண்டுவருகின்றன. ஆனால், நிலத்தடியில் நல்ல தண்ணீர் நிறைந்திருந்தால் இவ்வளவு தூரம் அது வந்திருக்காது.

1987-ல் சென்னைக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தச் சட்டமே போட்டார்கள். அதற்குப் பிறகும் வறட்சிக் காலத்தில் நெல்லை விட்டுவிட்டு, கிணற்றுத் தண்ணீரை நகரத்துக்கு விற்ற விவசாயிகள் இந்தப் படுகையில் இருந்தார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நெல் தராத காசை மோட்டார் தந்தது. 2010-லிருந்து பக்கத்திலுள்ள காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள், நாளுக்கு 10 கோடி லிட்டர் திறனில். இனாமாகக் கிடைத்ததைக் கெடுத்துவிட்டு, கரண்டு செலவழித்து வாங்குகிறோம்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, கேன். 20 லிட்டர் கேன் வாசலுக்கு வந்ததும் கிணறு மறந்துபோகிறது. அந்தக் கேனை நிரப்புவதும் பெரும்பாலும் இன்னொரு போர்தான். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கிற அடர் உப்புத் தண்ணீர் பல இடங்களில் வாய்க்காலில் விழுந்து, மறுபடி அதே மண்ணுக்குள் இறங்குகிறது. கிணறு கரிக்கிறது என்று ஊராட்சியில் சத்தம் போட்டவர்கள் இப்போது கேன் வண்டி தாமதமானால்தான் சத்தம் போடுகிறார்கள்.

தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான். கேன் கடைக்காரர் அதைத் தன் தண்ணீரில் முக்கி நம்மிடம் பெருமையாகக் காட்டுகிறார். அதையே பொதுக்கிணற்றுத் தண்ணீரில் முக்கி, கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பிறகு ஒரு முறையும் வருகிற எண்ணை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம். குடிநீருக்கு 500-க்குள் இருப்பது நல்லது என்பதையும் பக்கத்திலேயே எழுதினால், போர் போடுபவரிடம் என்ன பதில் சொல்வது என்று ஊருக்கே தெரியும்.