சண்டை போட்ட நாட்டில் ஒரு வீடு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்காரர் சக் சியர்சி. 1967இல் ராணுவம் அவரை வியட்நாமுக்கு அனுப்பியபோது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். சைகோனில் உளவுப் பிரிவில் ஓராண்டு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், போரை எதிர்க்கும் முன்னாள் வீரர்களோடு சேர்ந்துகொண்டார். 1992இல் ராணுவ நண்பர் ஒருவருடன் வியட்நாமைச் சுற்றிப் பார்க்க வந்தார். 1995இல், இரு நாடுகளுக்கும் இடையே தூதரக உறவு மீண்ட அதே ஆண்டில், ஊனமுற்ற குழந்தைகளுக்கான உதவித் திட்டம் ஒன்றில் வேலை செய்ய ஹனோய்க்கு வந்தார். பிறகு வியட்நாமே அவருடைய ஊராகிவிட்டது. 1967இல் ஹனோய் அவருக்கு எதிரியின் தலைநகரம்.

இப்படி வந்தவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. தா நாங், ஹோய் ஆன், ஹோ சி மின் நகரம் என்று பல ஊர்களில் முன்னாள் அமெரிக்க வீரர்கள் வீடு பிடித்துக் குடியிருக்கிறார்கள். ஏன் வந்தார்கள்? எளிதில் கிடைக்கும் விடைகள் உண்டு. ஓய்வூதியப் பணம் அங்கே தாராளமாகப் போதும். சிலர் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். போர்ப்பணியால் வந்த நோய்க்கு வெளிநாட்டில் பார்க்கும் வைத்தியச் செலவையும் அமெரிக்க அரசு ஏற்கிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் செலவு குறைந்த நாடுகள் உலகில் எத்தனையோ இருக்கின்றன. பல ஆண்டுகள் தூக்கத்தைக் கெடுத்த மண்ணையே தேடி வருவதற்குக் கணக்குப் புத்தகம் மட்டும் காரணமாக முடியாது.

அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்தக் கோளாறு என்ற பெயர் 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது. அதற்குப் பெரும் காரணம் வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள். 1980களில் அமெரிக்க அரசு நடத்திய ஆய்வில், வியட்நாமில் பணியாற்றிய ஆண்களில் சுமார் 30 சதவீதத்தினருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கோளாறு இருந்தது தெரியவந்தது. 2015இல் வெளியான தொடர் ஆய்வு, போர் முடிந்து 40 ஆண்டுகள் ஆன பின்னும் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அதிலிருந்து விடுபடவில்லை என்றது.

இந்தக் கோளாறில் உள்ள பயம் மூளையில் எங்கே குடியிருக்கிறது? வியட்நாமில் தலையில் காயம்பட்டவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. அமிக்டலா என்ற, பாதாம் பருப்பு அளவுள்ள பகுதி சேதமடைந்த வீரர்களில் ஒருவருக்குக்கூட இந்தக் கோளாறு வரவில்லை. அவர்களும் மற்றவர்களைப் போலவே சண்டையைப் பார்த்தவர்கள்தான். பயத்தைப் பதிந்துவைக்கும் உறுப்பு சேதமாகியிருந்ததால் அது பிடித்து நிற்கவில்லை போலும். அமிக்டலாவுக்கு மிகக் குறுகிய பாதை மூக்கிலிருந்து போகிறது. மற்ற புலன்களின் செய்திகள் தலாமஸ் என்ற சந்திப்பைக் கடந்தே வரவேண்டும்; வாசனைக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. இந்தக் கோளாறு உள்ள முன்னாள் வீரர்களுக்கு டீசல் நாற்றத்தைக் காட்டி மூளையைப் படமெடுத்த சிறிய ஆய்வு ஒன்றுண்டு. நம்மில் பலருக்கு டீசல் என்றால் பேருந்து நிலையம். அவர்களுக்கு அது ஹெலிகாப்டரும் எரிந்த வண்டியும்.

பயத்தோடு இடமும் பதிகிறது. அந்த வேலை ஹிப்போகேம்பஸ் என்ற மற்றொரு மூளைப் பகுதியுடையது. அமெரிக்க உளவியலாளர் மார்க் பவுட்டன் எலிகளை வைத்து இதை விரிவாக ஆராய்ந்தார். ஒரு கூண்டில் மணியோசையும் மின்னதிர்ச்சியும் சேர்ந்து வந்தால், ஓசை கேட்டாலே எலி உறைந்து நிற்கும். வேறொரு கூண்டுக்கு மாற்றி, அதிர்ச்சி இல்லாமல் ஓசையை மட்டும் திரும்பத் திரும்ப எழுப்பினால் பயம் அடங்கிவிடும். பழைய கூண்டுக்குக் கொண்டுபோனால் மறுபடியும் தலைதூக்கும். ஆகப் பழைய பதிவு அழியவில்லை. 'இங்கே ஆபத்தில்லை' என்ற புதிய பதிவு ஒன்று பக்கத்தில் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் புதிய பதிவு எந்த இடத்தில் உண்டானதோ அந்த இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பயம் பிறந்த கூண்டிலேயே அதைத் தணித்தால், பிறகு வேறு இடத்துக்கு மாற்றினாலும் அது அவ்வளவு எளிதாகத் திரும்புவதில்லை.

எலியிலிருந்து மனிதனுக்கு ஒரே தாவாகத் தாவக்கூடாது. திரும்பி வருபவர்கள் தாங்களாக முடிவெடுத்து வருபவர்கள். வரத் துணியாதவர்களோடு அவர்களை ஒப்பிட்டு முடிவு சொல்வது கடினம். வந்த முதல் சில இரவுகளில் கனவுகள் மோசமாவதும் உண்டு. ஆனாலும் கே சான் மேட்டில் மீண்டும் போய் நிற்கும் ஒருவரின் மூளையில் என்ன நடக்கக்கூடும் என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஆய்வு உதவுகிறது. 1968இல் அங்கே அமெரிக்க மரைன் படையினர் 77 நாட்கள் முற்றுகையில் கிடந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் ஒரு லட்சம் டன் குண்டுகள் விழுந்தன. இன்று அந்தச் செம்மண்ணில் காப்பித் தோட்டங்கள். பழைய ஓடுதளத்தை ஒட்டி ஓர் அருங்காட்சியகம். புதருக்குள் சலசலப்பு கேட்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வெளியே வருபவர் காப்பிப் பழக் கூடையோடு ஒரு பெண். எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இந்த இடைவெளிதான் மூளைக்குப் பாடம். எதிர்பார்ப்பு எந்த அளவு பொய்க்கிறதோ அந்த அளவு கற்றல் நடக்கிறது என்று உளவியலாளர்கள் ரெஸ்கோர்லாவும் வாக்னரும் 1972இலேயே சூத்திரமாக எழுதிவிட்டார்கள்.

இதற்கு ஒரு பயணம் போதுமே, குடியேறுவானேன்? சியர்சி பதுங்குகுழியில் கிடந்தவரும் அல்ல. மேசையில் உட்கார்ந்து அறிக்கை படித்தவர். களத்தில் நடப்பது ஒன்று, மக்களுக்குச் சொல்லப்படுவது வேறு என்பதை அந்த மேசையிலிருந்தே பார்த்தவர். அவரைப் போன்றவர்களை உறுத்தியது பயம் அல்ல. வியட்நாம் வீரர்களுக்கு நெடுங்காலம் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே இத்தகைய உறுத்தலை அறக்காயம் என்றார். சரி என்று நம்பியதற்கு மாறாகத் தானே நடந்துகொண்டதாலோ, நம்பிய மேலிடம் வஞ்சித்ததாலோ உண்டாகும் காயம் அது. 2009இல் பிரெட் லிட்ஸும் சக ஆய்வாளர்களும் இதைத் தனிக் கருத்தாக வகுத்து, சிகிச்சைக்கான வழியையும் முன்வைத்தார்கள். பயத்துக்கு மருந்து பாதுகாப்பு. குற்றவுணர்வு பாதுகாப்பான இடத்திலும் குறைவதில்லை. ஈடுசெய்ய ஏதாவது வேலை வேண்டும், யாருக்குத் தீங்கு நேர்ந்ததோ அவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களையும் தங்கிவிடுகிறவர்களையும் பிரிக்கும் கோடு இதுதான் என்று எனக்குப் படுகிறது.

வேலைக்குப் பஞ்சமில்லை. வடக்கையும் தெற்கையும் பிரித்த எல்லையை ஒட்டியிருந்த குவாங் த்ரி மாகாணம் கணக்கற்ற குண்டுகளை வாங்கியது. கொத்துக்குண்டுக்குள் இருந்து சிதறும் சிறுகுண்டு கைக்கு அடங்கும் உருண்டை. உள்ளே நூற்றுக்கணக்கான எஃகுத் துணுக்குகள். வெடிக்காமல் மண்ணுக்குள் தங்கியவற்றைப் பந்து என்று எண்ணிக் குழந்தைகள் எடுத்தார்கள், பழைய இரும்பு என்று ஏழைகள் தோண்டினார்கள். 1975க்குப் பிறகு அந்த ஒரு மாகாணத்தில் மட்டும் 8,000க்கும் மேற்பட்டோர் செத்தார்கள் அல்லது உறுப்பிழந்தார்கள். 2001இல் சியர்சி உள்ளூர் அதிகாரிகளோடு சேர்ந்து ‘ரினியூ’ திட்டத்தைத் தொடங்கினார். வயலில் எதையாவது கண்டால் விவசாயி தொலைபேசியில் சொல்கிறார். பயிற்சி பெற்ற உள்ளூர்க் குழு வந்து பாதுகாப்பாக வெடிக்கவைக்கிறது. இப்போது அங்கே குண்டு விபத்துகள் அரிதாகிவிட்டன.

பீரங்கிப் படையில் இருந்த ஜார்ஜ் மிசோ வேறு வழியில் வந்தார். அமெரிக்கா தெளித்த 7 கோடி லிட்டருக்கும் அதிகமான களைக்கொல்லிகளில் பெரும்பகுதி டையாக்சின் கலந்த ‘ஏஜென்ட் ஆரஞ்சு’. அதனால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக ஹனோய்க்கு அருகே 1998இல் திறக்கப்பட்ட நட்புக் கிராமம் அவருடைய எண்ணத்தில் உதித்தது. எதிரணியில் தளபதியாக இருந்த ஜெனரல் த்ரான் வான் குவாங் அதில் அவரோடு கைகோத்தார். மிசோ 2002இல் இறந்தார். குழந்தைகளோடு வியட்நாமிய முன்னாள் வீரர்களும் அங்கே தங்கிச் சிகிச்சை பெறுகிறார்கள்.

நினைவே உதவியாக மாறிய இடமும் உண்டு. போரில் காணாமல் போன வியட்நாமியர்கள் சுமார் 3 லட்சம் பேர். சண்டை முடிந்ததும் எதிரியின் பிணங்களை எங்கே மொத்தமாகப் புதைத்தோம் என்பதை அமெரிக்க வீரர்கள் சிலர் அரை நூற்றாண்டாக மறக்க முடியாமல் இருந்தார்கள். 1994 முதல் அவர்களுடைய சங்கம் ஒன்று அத்தகைய வரைபடங்களையும் கடிதங்களையும் திரட்டி வியட்நாமுக்குக் கொடுத்துவருகிறது. 1968இல் பியென் ஹோவா விமானதளத் தாக்குதலில் இறந்த வியட்நாமிய வீரர்களின் புதைகுழி 2017இல் கண்டுபிடிக்கப்பட்டதும் இப்படி வந்த தகவலால்தான். அன்று அங்கே இருபது வயதில் நின்றவர்கள் இன்று எண்பதை நெருங்குகிறார்கள். அடையாளம் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறார்கள். பிள்ளையின் எலும்பாவது கிடைக்காதா என்று காத்திருந்த தாய்மாரில் மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள்.