முதல் பந்தைச் சந்தித்தவர்

தெருவில் பிள்ளைகள் மட்டையும் பந்துமாக விளையாடுவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். கிரிக்கெட் நடக்கும் நாளில் டீக்கடையில் கூட்டம் கூடுவதையும் பார்த்திருப்பீர்கள். இந்த விளையாட்டில் இந்தியாவுக்குப் பெயர் வாங்கித் தந்தவர்கள் பலர். அவர்களில் ஒருவர் சுனில் கவாஸ்கர். அவர் தொடக்க ஆட்டக்காரர். இந்திய அணியின் கேப்டனாகவும் இருந்தார். இந்த இரண்டு வேலைகளும் எப்படிப்பட்டவை? அவர் அவற்றை எப்படிச் செய்தார்? இந்தக் கட்டுரையில் படிப்போம்.

தொடக்க ஆட்டக்காரரின் வேலை

கிரிக்கெட்டில் ஓர் அணிக்கு 11 பேர். மட்டை பிடிக்க முதலில் இரண்டு பேர் வருவார்கள். அவர்கள்தான் தொடக்க ஆட்டக்காரர்கள்.

அவர்கள் வரும்போது பந்து புதிதாக இருக்கும். கல் போலக் கெட்டியாக இருக்கும். அதன் எடை சுமார் 160 கிராம். வேகப்பந்து வீச்சாளர் களைப்பு இல்லாமல் ஓடி வருவார். அவர் வீசும் பந்து மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில்கூட வரும். அவர் கையை விட்ட பந்து மட்டைக்கு வந்து சேர ஏறத்தாழ அரை நொடிதான் ஆகும். அந்த அரை நொடிக்குள் முடிவு செய்ய வேண்டும். அடிக்கலாமா? தடுக்கலாமா? விட்டுவிடலாமா? முடிவு தவறினால் விக்கெட் போகும். அல்லது பந்து உடம்பில் படும்.

ஏர் பிடிப்பவர்களுக்குத் தெரியும். கெட்டித் தரையில் முதல் சால் ஓட்டுவதுதான் கடினம். பின்னால் வரும் சால்கள் கொஞ்சம் எளிது. தொடக்க ஆட்டக்காரர் முதல் சால் ஓட்டுபவர். அவர் நின்று ஆடினால் பின்னால் வருபவர்களுக்குப் பாரம் குறையும்.

குழந்தை மாறிப் போனது

கவாஸ்கர் 1949ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி பம்பாயில் பிறந்தார். அந்த நகரத்தை இன்று மும்பை என்கிறோம்.

அவர் பிறந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. அதை அவரே தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். மருத்துவமனையில் குழந்தையைப் பார்க்க உறவினர் ஒருவர் வந்தார். குழந்தையின் காது அருகே ஒரு சிறிய துளை இருப்பதைக் கவனித்தார். மறுநாள் வந்து பார்த்தார். தொட்டிலில் இருந்த குழந்தைக்கு அந்தத் துளை இல்லை! உடனே எல்லா இடத்திலும் தேடினார்கள். குழந்தை ஒரு மீனவப் பெண்ணின் பக்கத்தில் தூங்கிக் கொண்டிருந்தது. குளிப்பாட்டியபோது குழந்தைகள் மாறிவிட்டன என்று பெரியவர்கள் நினைத்தார்கள். அந்த உறவினர் கவனிக்காமல் இருந்திருந்தால் கவாஸ்கர் மீன் பிடிக்கப் போயிருப்பார்.

வீட்டில் சின்ன வயதிலேயே மட்டை பிடித்தார். பந்து வீசியது அவருடைய அம்மா. ஒருநாள் மகன் அடித்த பந்து அம்மாவின் மூக்கில் பட்டது. ரத்தம் வந்தது. அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் பந்து வீசினார்.

அவருடைய தாய்மாமன் மாதவ் மந்திரி. அவர் இந்திய அணிக்காக ஆடியவர். மாமாவிடம் இருந்த இந்திய அணியின் உடுப்பைச் சிறுவன் கவாஸ்கர் ஆசையாகக் கேட்டான். மாமா கொடுக்கவில்லை. "இதை நீயே உழைத்துச் சம்பாதிக்க வேண்டும்" என்ற பொருளில் சொல்லி அனுப்பினார்.

21 வயதில் 774 ரன்

1971ஆம் ஆண்டு அந்த உடுப்பு அவருக்குக் கிடைத்தது. அஜித் வடேகர் தலைமையில் இந்திய அணி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனது. அதுவரை அந்த அணியை டெஸ்ட் பந்தயத்தில் இந்தியா ஒருமுறைகூட வென்றதில்லை.

கவாஸ்கருக்கு அப்போது வயது 21. உயரமும் குறைவு. ஐந்தரை அடிகூட இல்லை. விரலில் சீழ் பிடித்ததால் முதல் டெஸ்டில் அவர் ஆடவில்லை. மீதி நான்கு டெஸ்டுகளில் ஆடினார். அவர் எடுத்த ரன்கள் 774. அதில் நான்கு சதங்கள். சதம் என்றால் 100 ரன்னும் அதற்கு மேலும். கடைசி டெஸ்டில் அவருக்குக் கடுமையான பல்வலி. அந்த வலியோடு முதல் முறை 124 ரன், இரண்டாம் முறை 220 ரன் எடுத்தார்.

இந்தியா அந்தத் தொடரை வென்றது. முதல் தொடரில் ஒருவர் 774 ரன் எடுத்தது உலக சாதனை. 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அதை யாரும் முறியடிக்கவில்லை.

மிக மோசமான ஆட்டம்

எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 1975ஆம் ஆண்டு முதல் உலகக் கோப்பை இங்கிலாந்தில் நடந்தது. அது ஒருநாள் ஆட்டம். ஓர் அணிக்கு 60 ஓவர்தான். வேகமாக ரன் எடுக்க வேண்டும்.

லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்து 334 ரன் எடுத்தது. பிறகு இந்தியா ஆடியது. கவாஸ்கர் முதல் ஓவரிலிருந்து கடைசி ஓவர் வரை நின்றார். 174 பந்துகளைச் சந்தித்தார். எடுத்த ரன் 36 மட்டுமே! இந்தியா பெரிய தோல்வி அடைந்தது. பார்க்க வந்தவர்கள் கோபப்பட்டார்கள். தான் ஆடியதிலேயே மிக மோசமான ஆட்டம் அதுதான் என்று அவரே பின்னால் எழுதினார்.

கேப்டன் என்றால் என்ன?

டெஸ்ட் பந்தயம் ஐந்து நாள் நடக்கும். கேப்டன்தான் ஆட்டத்தை நடத்துகிறார். நாணயம் சுண்டுவது அவர். யார் பந்து வீசுவது, யார் எங்கே நிற்பது என்று சொல்வதும் அவர். வென்றால் எல்லோருக்கும் பாராட்டு. தோற்றால் திட்டு கேப்டனுக்கு. வீட்டுப் பொறுப்பைச் சுமப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

கவாஸ்கர் 47 டெஸ்டுகளில் கேப்டனாக இருந்தார். அதில் இந்தியா வென்றது 9. தோற்றது 8. மீதி 30 டெஸ்டுகளில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை.

இந்த 30 என்ற எண்ணைச் சொல்லிப் பலர் அவரைக் குறை கூறினார்கள். "தோற்கக் கூடாது என்றே ஆடுகிறார். வெல்லத் துணியவில்லை" என்றார்கள். வேறு சிலர் அவருக்காகப் பேசினார்கள். "இந்தியா முன்பெல்லாம் அடிக்கடி தோற்ற அணி. எளிதில் தோற்காத அணியாக அதை மாற்றினாரே, அது போதாதா?" என்று கேட்டார்கள். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது.

அவருடைய பதவி நிலையாகவும் இல்லை. 1978-79இல் அவர் தலைமையில் இந்தியா மேற்கிந்தியத் தீவுகளைத் தொடரில் வென்றது. அந்தத் தொடரில் அவர் 732 ரன் எடுத்தார். ஆனாலும் அடுத்த இங்கிலாந்துப் பயணத்துக்கு அவர் கேப்டன் இல்லை. சென்னையைச் சேர்ந்த வெங்கட்ராகவன் கேப்டன் ஆனார்.

கவாஸ்கர் என்ன செய்தார்? மட்டையை எடுத்துக்கொண்டு போனார். 1979ஆம் ஆண்டு ஓவல் மைதானத்தில் இந்தியா வெல்ல 438 ரன் வேண்டும். யாரும் நம்பவில்லை. கவாஸ்கர் 221 ரன் எடுத்தார். நேரம் முடிந்தபோது இந்தியாவின் கணக்கு 429. இன்னும் 9 ரன் எடுத்திருந்தால் வெற்றி! பின்னர் அவர் மறுபடியும் கேப்டன் ஆனார்.

கோபம் வந்த நாள்

1981ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரம். மூன்றாவது டெஸ்ட். தொடரில் இந்தியா பின்தங்கி இருந்தது.

கவாஸ்கர் 70 ரன் எடுத்து ஆடிக் கொண்டிருந்தார். டென்னிஸ் லில்லி வீசிய பந்து அவர் காலில் பட்டது. நடுவர் அவுட் என்றார். பந்து முதலில் மட்டையில் பட்டது, ஆகவே தான் அவுட் இல்லை என்பது கவாஸ்கரின் எண்ணம். எதிர் அணியினரின் பேச்சு அவர் கோபத்தை இன்னும் கிளறியது. தன்னோடு ஆடிய சேத்தன் சவுகானையும் கூட்டிக்கொண்டு மைதானத்தை விட்டு நடந்தார்.

இது சாதாரண விஷயம் இல்லை. ஆட மாட்டோம் என்று இரண்டு பேரும் வெளியேறினால் பந்தயமே கைவிட்டுப் போகலாம். எல்லைக் கோட்டின் அருகே இந்திய அணியின் மேலாளர் வந்தார். சவுகானைத் தடுத்து நிறுத்தினார். திரும்பிப் போய் ஆடச் சொன்னார். சவுகான் திரும்பினார். ஆட்டம் தொடர்ந்தது.

முடிவு என்ன தெரியுமா? ஆஸ்திரேலியா வெல்ல 143 ரன்தான் வேண்டும். ஆனால் 83 ரன்னில் எல்லோரும் அவுட்! தொடையில் காயத்தோடு பந்து வீசிய கபில் தேவ் 5 விக்கெட் எடுத்தார். இந்தியா வென்றது. தொடர் சமம் ஆனது.

அன்று மேலாளர் தடுக்காமல் இருந்திருந்தால் இந்த வெற்றி இல்லை. வெளியேறியது தவறுதான், அதற்காக வருந்துகிறேன் என்று கவாஸ்கர் பின்னால் வெளிப்படையாகச் சொன்னார்.

இளையவருக்குக் கீழே

1982-83இல் இந்தியா பாகிஸ்தானிடம் மூன்று டெஸ்டுகளில் தோற்றது. கவாஸ்கரின் பதவி போனது. கபில் தேவ் கேப்டன் ஆனார். அவர் கவாஸ்கரைவிடப் பத்து வயது சிறியவர்.

1983ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் கவாஸ்கர் கபில் தேவுக்குக் கீழே ஆடினார். அதில் அவர் பெரிதாக ரன் எடுக்கவில்லை. இரண்டு ஆட்டங்களில் அவருக்கு இடமும் இல்லை. ஆனால் இந்தியா கோப்பையை வென்றது. எந்த மைதானத்தில்? அதே லார்ட்ஸ் மைதானத்தில். எட்டு ஆண்டுகளுக்கு முன் 36 ரன் எடுத்த இடத்தில் வென்ற அணியில் ஒருவராக நின்றார்.

சென்னையில் 236

அதே ஆண்டு டிசம்பர் மாதம். சென்னை சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளோடு டெஸ்ட். இந்த முறை முதலில் வராமல் நான்காவது ஆளாக வருவதாகக் கவாஸ்கர் கேட்டிருந்தார். ஆனால் மால்கம் மார்ஷல் வீசிய வேகத்தில் இரண்டு பேர் உடனே அவுட். அணியின் கணக்கில் ஒரு ரன்கூட இல்லை.

கவாஸ்கர் உள்ளே வந்தார். "நீ எப்போது வந்தாலும் கணக்கு பூஜ்யம்தான்" என்று எதிர் அணியின் விவியன் ரிச்சர்ட்ஸ் கேலி செய்தாராம். கவாஸ்கர் இதைச் சிரித்துக்கொண்டே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அன்று அவர் ஆடிய ஆட்டம் பெரிய ஆட்டம். 236 ரன். கடைசி வரை அவுட் ஆகவில்லை. அது அவருடைய 30ஆவது சதம். அதுவரை உலகில் அதிகச் சதம் எடுத்தவர் ஆஸ்திரேலியாவின் டான் பிராட்மன். அவர் எடுத்தவை 29. அந்தச் சாதனையைச் சென்னையில் கவாஸ்கர் தாண்டினார்.

அந்தக் காலத்தில் பல ஆட்டக்காரர்கள் தலைக்கவசம் அணியத் தொடங்கியிருந்தார்கள். கவாஸ்கர் அணியவில்லை. மார்ஷல் வீசிய பந்து ஒருமுறை தலையில் பட்ட பிறகுதான் தலையை ஒட்டிய சிறிய காப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டார். இன்று தலைக்கவசம் இல்லாமல் யாரும் வேகப்பந்தைச் சந்திப்பதில்லை. அதுவே சரி.

கடைசி நாட்கள்

1984-85இல் கவாஸ்கர் மறுபடியும் கேப்டன். இங்கிலாந்திடம் இந்தியா சொந்த நாட்டிலேயே தொடரை இழந்தது. அடுத்து ஆஸ்திரேலியாவில் பல நாடுகள் ஆடிய ஒருநாள் போட்டி நடந்தது. 1985ஆம் ஆண்டு மார்ச் மாதம் அதன் இறுதி ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை வென்றது. வென்ற கையோடு கேப்டன் பதவியை விட்டு விலகினார்.

1987ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் தேதி அகமதாபாத்தில் டெஸ்டில் 10,000 ரன்னைத் தொட்டார். உலகில் அந்த எண்ணைத் தொட்ட முதல் ஆள் அவர்தான்.

அதே மாதம் பெங்களூரில் கடைசி டெஸ்ட். பந்து பயங்கரமாகத் திரும்பியது. மற்றவர்கள் நிற்கவே திணறினார்கள். கவாஸ்கர் 96 ரன் எடுத்து அவுட் ஆனார். இந்தியா 16 ரன்னில் தோற்றது. தோற்ற ஆட்டம்தான். ஆனால் அவருடைய மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்று என்று இதைத்தான் பலர் சொல்கிறார்கள்.

அந்த ஆண்டு உலகக் கோப்பையோடு ஓய்வு பெற்றார். அதில் நாக்பூரில் வேகமாக ஆடி 103 ரன் எடுத்தார். ஒருநாள் ஆட்டத்தில் அவர் எடுத்த ஒரே சதம் அதுதான்.

மொத்தக் கணக்கு இது. டெஸ்டுகள் 125. ரன்கள் 10,122. சதங்கள் 34. இந்த 34ஐ 2005ஆம் ஆண்டு சச்சின் டெண்டுல்கர் தாண்டினார். அவரும் மும்பைக்காரர். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடும் டெஸ்ட் தொடரின் கோப்பைக்கு 1996 முதல் பார்டர்-கவாஸ்கர் கோப்பை என்று பெயர்.

சாதனைகளைப் பின்னால் வருபவர்கள் தாண்டிப் போவார்கள். ஆனால் முதல் பந்தைச் சந்திக்க ஒருவர் துணிந்து நின்றால்தான் பின்னால் வருபவர்கள் ஆட முடியும்.

பேசிப் பாருங்கள்

1. கேப்டன் முதலில் எதை நினைக்க வேண்டும்? வெல்வதையா, தோற்காமல் இருப்பதையா?
2. மெல்போர்னில் நீங்கள் மேலாளராக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?
3. பதவி போன பிறகும் அதே அணியில் ஆடுவது எளிதா? உங்கள் ஊரில் இப்படி நடந்தது உண்டா?
4. 10,122 என்ற எண்ணை எழுத்தால் எழுதுங்கள்.