நாற்பது லட்சத்தில் ஒரு மறுவாழ்வு

ரத்தப் புற்றுநோய்க்கான நான்கு கோடி ரூபாய் சிகிச்சையை இந்திய விஞ்ஞானிகள் பத்தில் ஒரு பங்கு செலவுக்கு இறக்கிவிட்டார்கள். மீதிப் பணத்துக்கு யார் பொறுப்பு?

பார்ப்பதற்கு அதில் ஒரு விசேஷமும் இல்லை. சிறு பிளாஸ்டிக் பை. அதற்குள் கொஞ்சம் கலங்கலான திரவம். குளுக்கோஸ் ஏற்றுவதுபோல் நரம்பில் ஏற்றினால் சிறிது நேரத்தில் பை காலியாகிவிடும். ஆனால் அந்தத் திரவத்தில் இருப்பவை நோயாளியின் சொந்த ரத்த அணுக்கள். அவர் உடலிலிருந்து எடுக்கப்பட்டு, புற்றுநோயைத் தேடிக் கொல்லும் பயிற்சி பெற்றுத் திரும்பி வருகிறவை.

2021 ஜூன் 4 அன்று, நவி மும்பையில் உள்ள டாடா மெமோரியல் மையத்தின் எலும்பு மஜ்ஜை மாற்றுப் பிரிவில் ஒரு நோயாளிக்கு இப்படிப்பட்ட செல்கள் செலுத்தப்பட்டன. இந்தியாவில் உருவான 'கார்-டி' சிகிச்சை மனித உடலைத் தொட்டது அன்றுதான். 2023 அக்டோபரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு அனுமதி வழங்கியது. 'நெக்ஸ்கார்19' என்பது பெயர். 2024 ஏப்ரல் 4 அன்று மும்பை ஐ.ஐ.டி.யில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதை நாட்டுக்கு அறிமுகம் செய்து வைத்தார்.

மோட்டார் காருக்கும் இந்தக் காருக்கும் சம்பந்தமில்லை. வெவ்வேறு புரதத் துண்டுகளை ஒட்டிச் செய்த ஓர் உணர்கொம்பின் ஆங்கிலச் சுருக்கம் அது. நம் ரத்தத்தில் ரோந்து சுற்றும் டி செல்கள் கிருமி புகுந்த செல்களைக் கண்டுபிடித்து அழிக்கின்றன. புற்றுநோய் செல்லிடம் மட்டும் அவை பெரும்பாலும் ஏமாந்துவிடுகின்றன. அது வெளியிலிருந்து வந்த எதிரி இல்லையே, நம் உடம்பிலேயே பிறந்து தடம் மாறிய செல்தானே. ஆனால் பி செல்களில் தோன்றும் ரத்தப் புற்றுநோய்களுக்கு ஓர் அங்க அடையாளம் உண்டு: செல்லின் மேற்பரப்பில் இருக்கும் 'சிடி19' என்ற புரதம்.

விஞ்ஞானிகள் பிடித்துக்கொண்டது இந்த அடையாளத்தைத்தான். நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்தெடுக்கிறார்கள். எய்ட்ஸ் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் நோய் உண்டாக்கும் சக்தி பறிக்கப்பட்ட ஒரு வைரஸின் முதுகில் புதிய மரபணுவை ஏற்றி டி செல்லுக்குள் அனுப்புகிறார்கள். உடனே டி செல்லுக்கு சிடி19ஐ மோப்பம் பிடிக்கும் உணர்கொம்பு முளைக்கிறது. அந்தச் செல்களைக் கோடிக்கணக்கில் பெருக்கி, நோயாளிக்கே திருப்பிச் செலுத்துகிறார்கள். ஆரோக்கியமான பி செல்களுக்கும் அதே அடையாளம் இருப்பதால் அவையும் கூடவே அழிகின்றன. அந்த இழப்பைச் சமாளித்துக்கொள்ள முடியும்.

இது பலிக்கும் என்று உலகத்துக்குக் காட்டியது அமெரிக்கச் சிறுமி எமிலி வைட்ஹெட். 2012ல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் இச்சிகிச்சை பெற்றபோது அவளுக்கு வயது 6. செல்கள் உள்ளே போனதும் கடும் காய்ச்சல் கண்டு, செயற்கை சுவாசத்தில் உயிருக்குப் போராடினாள். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர் கார்ல் ஜூனின் யோசனைப்படி மூட்டுவாத நோய்க்கான ஒரு மருந்தைக் கொடுத்தார்கள். காய்ச்சல் தணிந்தது. புற்றுநோயும் போயிற்று. எமிலி இன்று வளர்ந்த இளம்பெண். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2017ல், அமெரிக்க அரசு இந்த சிகிச்சையை அனுமதித்தது. நோவார்டிஸ் நிறுவனம் வைத்த விலை 4,75,000 டாலர். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 4 கோடி ரூபாய். அதுவும் மருந்துக்கு மட்டும். மருத்துவமனைச் செலவு தனி.

இந்த விலையில் இந்தியாவுக்கு அது எட்டாக்கனி. ஹார்வர்டில் ஆய்வு செய்துவிட்டு 2013ல் மும்பை ஐ.ஐ.டி.க்கு வந்து சேர்ந்த ராகுல் புர்வார் அந்தக் கனியை இங்கேயே விளைவிக்க முனைந்தார். அவரும் ஆராய்ச்சி மாணவி அல்கா திவிவேதி உள்ளிட்ட குழுவினரும் உணர்கொம்பை வடிவமைத்தார்கள். டாடா மெமோரியல் மருத்துவர்கள் கௌரவ் நருலா, ஹஸ்முக் ஜெயின் ஆகியோர் அதை நோயாளிகளிடம் பரிசோதித்தார்கள். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்ப உதவி அமைப்பான பைராக் முதல்கட்டச் சோதனைக்கு 19.15 கோடி ரூபாய் கொடுத்தது. தயாரிப்புக்காக ஐ.ஐ.டி. வளாகத்திலேயே 'இம்யூனோஆக்ட்' என்ற நிறுவனம் 2018ல் பிறந்தது.

விலை இறங்கியதில் மாயம் ஒன்றுமில்லை. மரபணுவைச் சுமந்து செல்லும் வைரஸ், வெளிநாட்டிலிருந்து வாங்கினால் கொள்ளை விலை. அதை இங்கேயே தயாரித்தார்கள். ஆட்கூலியும் இங்கே குறைவு. மருந்தின் அமைப்பிலும் ஒரு மாற்றம் செய்தார்கள். அமெரிக்காவில் முதலில் வந்த உணர்கொம்பின் ஒரு பகுதி எலியின் புரதத்திலிருந்து எடுக்கப்பட்டது. மும்பைக் குழு அதை மனிதப் புரதத்தை ஒத்ததாக மாற்றியமைத்தது. இதனால் பக்கவிளைவுகள் குறையும் என்பது அவர்கள் கணக்கு.

பலன் எப்படி? 64 நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவுகள் 2025 மார்ச்சில் 'லான்செட் ஹெமட்டாலஜி' இதழில் வெளியாயின. மதிப்பிடப்பட்டவர்களில் சுமார் 73 சதவிகிதம் பேருக்கு நோய் பின்வாங்கியது. வேறு சிகிச்சைகள் கைவிட்ட பிறகு வந்தவர்கள் இவர்கள் என்பதை நினைத்தால் இது பெரிய விஷயம். ஆனால் முழுக் கதை இதுவல்ல. சிகிச்சையின் விளைவாகவே இருவர் இறந்தார்கள். பலருக்குச் சில மாதங்களுக்குள் நோய் மீண்டும் தலைகாட்டியது. எல்லாப் புற்றுநோய்க்கும் இது மருந்தும் அல்ல. மார்பகம், நுரையீரல், வயிறு போன்ற உறுப்புகளில் வரும் கட்டிகளுக்கு நெக்ஸ்கார்19ஆல் பயனில்லை. பி செல் லுகேமியா, லிம்போமா நோயாளிகளிலும், வழக்கமான சிகிச்சைக்கு அடங்காதவர்களுக்கும் நோய் திரும்பியவர்களுக்கும்தான் இது.

விலைக்கு வருவோம். வணிகரீதியில் இதைப் பெற்ற முதல் நோயாளிகளில் ஒருவர் செலுத்திய தொகை 42 லட்சம் ரூபாய். நான்கு கோடியைப் பார்த்தவர்களுக்கு இது மலிவு. சம்பளக்காரக் குடும்பத்துக்கோ வீட்டை விற்றாலும் புரளாத தொகை. ஏழைகளுக்கான மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் தருவது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். எட்டில் ஒரு பங்குகூட ஆகாது. மரபணு சிகிச்சைக்கு முழு வரிவிலக்கு அளிக்க 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவெடுத்தது. நல்ல முடிவுதான். ஆனால் வரியை நீக்கினாலும் அசல் இருக்கிறதே.

அசலைக் குறைக்கும் வழிகளில் ஒன்று வேலூரில் தெரிகிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, செல்களைத் தொழிற்சாலைக்கு அனுப்பாமல் மருத்துவமனையிலேயே தானியங்கி இயந்திரத்தில் தயாரித்தது. உறைய வைத்து ஊர்விட்டு ஊர் கொண்டுபோகும் வேலையே இல்லை. பிற இடங்களில் வாரக்கணக்கில் ஆகும் தயாரிப்பு இங்கே ஏறத்தாழ 9 நாட்களில் முடிந்தது. நாளுக்கு நாள் நோய் முற்றிக்கொண்டிருப்பவருக்கு இந்த நாட்கள் உயிருக்குச் சமம். 'வெல்கார்ட்' என்ற இந்தச் சோதனையின் முடிவுகள் 2025ல் வெளியாயின. பங்கேற்றவர்கள் 10 பேர். லுகேமியா நோயாளிகள் அனைவருக்கும், லிம்போமா நோயாளிகளில் பாதிப் பேருக்கும் பலன் கிடைத்தது. பத்துப் பேரை வைத்து வெற்றிக்கொடி நாட்டிவிட முடியாது. என்றாலும், நாட்டின் பெரிய அரசு மருத்துவமனைகளில் இதே முறையைக் கையாள முடியுமா என்று கேட்பதற்கு இந்தப் பத்துப் பேர் போதும்.

போட்டியும் வந்துவிட்டது. பெங்களூரின் இம்யூனீல் நிறுவனம், ஸ்பெயின் நாட்டு பார்சிலோனா மருத்துவமனை ஒன்றில் உருவான சிகிச்சையை 2025 ஜனவரியில் 'கார்டெமி' என்ற பெயரில் இங்கே கொண்டுவந்தது. கடைகள் பெருகினால் விலை இறங்கும் என்பது சந்தை நியாயம். ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகத் தயாரிக்க வேண்டிய மருந்தில் அந்த நியாயம் ஓரளவுக்குத்தான் செல்லும். அரசுக் காப்பீடு கைகொடுக்காமல் ஏழை நோயாளிக்கு விடிவு இல்லை. பொதுப்பணம் 19 கோடி போட்டு வளர்த்த மரத்தின் கனி, பொதுமக்களுக்கு எட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

நோயாளியின் ரத்தத்திலேயே மருந்து இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. அதை எடுத்துப் பழக்கித் திருப்பிக் கொடுக்கும் கூலிதான் இன்னும் கட்டுப்படியாகவில்லை.